சாம்பியின் அடைமுட்டைகள்

பூண்டியில் முதன்முதலாகச் சேவலை மாற்றியவள் இருளாயிதான். முதல் நாலு வருஷம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த ரெண்டு வருஷம் யாராவது கேட்டால் மட்டும் சொன்னாள். இப்போது யாரும் கேட்பதுமில்லை, அவள் சொல்வதுமில்லை. சேவலை மாற்றாத வீடு என்று ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம் யார் முதல் யார் கடைசி என்று பேசி என்ன ஆகப்போகிறது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேற்கே ஒரு பங்களாவில் கோழித்துரை இருந்தார். சொந்தப் பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையாததால் கோழித்துரை ஆகிவிட்டார். கப்பலில் கொண்டுவந்த வெள்ளைக் கோழிகளை வைத்து மலைச்சனங்களை முன்னேற்றியே தீருவது என்று கங்கணம் கட்டியிருந்தார். மட்டக்குதிரையில் கூடைகளைக் கட்டிக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று வருவார். உன் சேவலைக் கொடு, என் சேவலை வாங்கிக்கொள். அவ்வளவுதான் பேச்சு. இருளாயி தன் செவலைச் சேவலைக் கொடுத்துவிட்டு, நெற்றியில் சிவப்புக் கொண்டை மடிந்து தொங்கும் வெள்ளைச் சேவலை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "இருளாயி வீட்டுக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை வந்துருக்காராம்ல" என்று ஊர் ஒரு மாசம் சிரித்தது.

அடுத்த வருஷம் சிரிப்பு நின்றது. அந்தச் சேவலுக்குப் பிறந்த பெட்டைகள் நாள் தவறாமல் முட்டை வைத்தன. நாட்டுக்கோழி பன்னிரண்டு முட்டை வைக்கும். பிறகு அடைக்கு உட்காரும், குஞ்சோடு மூன்று மாசம் திரியும், மறுபடி முட்டைக்கு வர அதற்குத் தோன்ற வேண்டும். துரைக்கோழிக்கு அந்தச் சோலியே கிடையாது. ஆயக்குடியிலிருந்து குதிரையில் உப்பும் கருவாடும் ஏற்றிவரும் ஒலியுல்லா ராவுத்தர், பங்களாக்காரர்கள் கேட்கிறார்கள் என்று பெரிய வெள்ளை முட்டையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒவ்வொரு வீடாகச் சேவல் மாறியது. நாட்டுச் சேவல்கள் குழம்பில் வெந்தன. பிறகு துரை தன் பெட்டியில் பொரித்த குஞ்சுகளையே கொண்டுவந்து கொடுத்தார். நாட்டுப் பெட்டைகளும் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின.

அந்தப் பெட்டியை இருளாயி ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோனவள், பங்களாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மரப்பெட்டி, அடியில் மண்ணெண்ணெய் விளக்கு, உள்ளே அறுபது முட்டை. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. அங்கிருந்த பட்லரிடம் கேட்டாள்.

"அய்யா, பொரியுறதுக்கு மொத நாளு உள்ள இருக்கிற குஞ்சு கூப்புடும்ல. இதுல யாரு பதில் சொல்லுவா?"

பட்லருக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். ஓடு உடைவதற்கு ஒரு நாள் முன்னால் குஞ்சு உள்ளிருந்தே கத்தும். அடைக்கோழி தொண்டைக்குள் மெதுவாகப் பதில் கொடுக்கும். அது கூப்பிட இது சொல்ல, இப்படியே பேசிப் பேசித்தான் குஞ்சு வெளியே வரும். பட்லர் துரையிடம் சொன்னார். துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"பதிலெல்லாம் வேண்டியதில்லையாம். இருபத்தோராம் நாள் தானா வந்துருமாம்."

வரத்தான் செய்தது.

சீமையில் சண்டை மூண்ட பிறகு துரை ஊருக்குக் கப்பலேறிவிட்டார். மண்ணெண்ணெய் அரைப் புட்டிக்குக் கொடைக்கானலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பெட்டியை யாரோ துணி வைக்க எடுத்துப்போனார்கள். பூண்டியில் முட்டை குவிந்தது, குஞ்சு மட்டும் இல்லை. துரைக்கோழி ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. கூடைக்குள் பிடித்து அமுக்கி, மூடி, மேலே கல்லை ஏற்றிப் பார்த்தார்கள். முட்டையை மிதித்து உடைத்துவிட்டு வெளியே வந்து இறகை உதறிக்கொண்டது. மார்கழிப் பனியில் அதன் பெரிய கொண்டை நுனி கருகி உதிர்ந்தது. பருந்து நிழல் மேலே ஓடினாலும் தலையைத் தூக்காமல் மேய்ந்தது, ஏனென்றால் ஒளிந்துகொள் என்று குரல் கொடுக்க அதற்கு ஒரு தாய் இருந்ததே இல்லை. குறைகிற கோழி குறைந்துகொண்டே வந்தது, இட்டு நிரப்ப வழியில்லை.

பழைய வம்சத்தில் ஊர் முழுக்க மிஞ்சியது சாம்பி மட்டும்தான். சாம்பல் நிறம், கைக்கு அடக்கமான உடம்பு, கறுத்த கால். எல்லாப் பெட்டைகளும் போனபோது இருளாயி அதை மட்டும் அறுக்க விடவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய ஆத்தா மடியில் வைத்துக் கொடுத்தனுப்பிய பெட்டையின் வழியில் வந்தது அது. அவர்கள் வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஒரு பெட்டையும் கூடப் போகும். மகள் கண்மணி பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டபோதும் ஒன்று போனது. அதைக் காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம் கண்மணி ஏழாம் மாசத்தில் பூண்டிக்கு வந்தாள். மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். முந்தைய இரண்டும் மூன்றாம் மாசத்தைத் தாண்டவில்லை. இது தங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூண்டுப்பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து களை எடுப்பவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். சிரிப்பு ஊருக்கே கேட்கும்.

கார்த்திகைக் கடைசியில் சாம்பி அடை கேறியது. இருளாயி மூங்கில் கூடையில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் ஆணியும் மூன்று மிளகாய் வற்றலும் சொருகி, பதினோரு முட்டையை வைத்தாள். சேவல் துரைச் சேவல்தான், வேறு எங்கே போவது. ஆனாலும் பதினொன்றில் ஒன்றிரண்டாவது தாயைக் கொண்டு பிறக்காதா என்று ஒரு நம்பிக்கை.

"ஆத்தா, எனக்கு ஒரு பெட்டை" என்றாள் கண்மணி, கூடையை எட்டிப் பார்த்து.

"ஒனக்குத்தான் வக்கிறேன். பிள்ளையத் தூக்கிட்டுப் போறப்ப மடியில வச்சு அனுப்புறேன்."

"மடியில பிள்ளையா, கோழியா?"

"ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் கோழி. ஒனக்கென்ன, எருமை மாதிரி இருக்க, தூக்க மாட்டியா?"

சாம்பி உட்கார்ந்த பதிமூன்றாம் நாள் வெள்ளனே கண்மணிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி பிச்சையம்மாள் வந்தாள். உச்சிப் பொழுதுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். நல்ல நிறம், தலை நிறைய முடி. அழவில்லை. பிச்சையம்மாள் காலைப் பிடித்துத் தூக்கி உள்ளங்காலில் தட்டினாள். வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். வாயில் ஊதினாள். கண்மணி படுத்தபடியே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"அழுவக் காணமே" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

பூம்பாறையிலிருந்து மாப்பிள்ளை சுப்புராஜ் ஓடிவந்தான். இருளாயியின் புருஷன் இராமலிங்கமும் அவனும் ஓடைக்கரையில் குழி தோண்டிப் பிள்ளையை வைத்துவிட்டு வந்தார்கள். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவன். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான்.

கண்மணி அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை பிச்சையம்மாள் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இருளாயியை வெளியே இழுத்து வந்தாள்.

"ஏ இருளாயி, போனது போயிருச்சு. இருக்கிறதப் பாரு. ரத்தம் ரொம்பப் போயிருக்கு. கையுங்காலும் சில்லுனு கெடக்கு. இப்பிடியே விட்டா ஜன்னி கண்டுரும்."

"என்ன செய்யட்டும் மதினி? சுக்கும் மொளகும் தட்டிக் குடுத்துட்டேன். கஞ்சித்தண்ணி குடுத்துட்டேன். வாயில வாங்கித் துப்பிர்றா."

"கோழிச்சாறு வையி. பூண்டத் தோலோட நசுக்கிப் போட்டு, சட்டியில சுண்ட வச்சு, சூடா எறக்கு. வாசத்துக்கே வாயத் தொறப்பா."

"வெள்ளையில எளசா ஒண்ணு நிக்கிது, அதப் பிடிச்சு..."

"ஒனக்கென்ன கிறுக்கா? அது பொட்டியில பொரிஞ்ச வம்சம். தாய்ச்சூடே அறியாத கோழி. பச்ச ஒடம்புக்காரிக்கு அதக் குடுத்தா குளிரு எலும்புக்குள்ள போயிரும். போன ஐப்பசியில மேலத்தெருவுல குடுத்தாங்க. மூணாம் நாளு என்னாச்சு?"

மேலத்தெருப் பெண்ணைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர்களில் இருளாயியும் ஒருத்தி.

"நாட்டுக்கோழி ஒண்ணு வேணும்னு ராவுத்தருகிட்டச் சொல்லி விட்டுருக்கேன் மதினி. இன்னைக்கோ நாளைக்கோ வந்துருவாரு."

"நாளைக்குங்கிறது அவ கையிலயா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் பிச்சையம்மாள் உள்ளே போனாள்.

கறி கறிதான், வெள்ளையில் என்ன, சாம்பலில் என்ன என்று கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லியிருப்பார்கள். பூண்டியில் அதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் இருளாயி நம்பியிருக்க மாட்டாள். வெள்ளைச் சேவல் நல்லது என்று ஒருத்தர் சொல்லி அவள் நம்பியதெல்லாம் போதும்.

இராமலிங்கம் பூண்டுப்பாத்தியிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர், அவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"இன்னும் ஆறு நாள்ல பொரிஞ்சிரும், புள்ள."

"தெரியும்."

"ஊருலயே இது ஒண்ணுதான் கெடக்கு."

"தெரியுங்க. மகளும் எனக்கு ஒண்ணுதான் கெடக்கா."

"நீ எந்திரி. நான் பாத்துக்கிறேன்."

"வேணாம். ஒங்க கைய அது கொத்தும். எங்கையக் கொத்தாது."

கொத்தவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டிருந்த சாம்பி அவள் கை உள்ளே போனதும் அடங்கிவிட்டது. முட்டையைத் திருப்பிவைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கும். பதினைந்து நாளாக ஒரு வாய் கம்பும் ஒரு வாய் தண்ணீருமாக இருந்த உடம்பு, தூக்கினால் எடையே இல்லை. அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருந்தது. அந்தத் தோல் அவள் உள்ளங்கையில் சுட்டது. அந்தச் சூடுதான் தன் மகளுக்கு வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்தாள்.

அடைக்கோழியில் கறி ஏது. ஒரு கைப்பிடி தேறியது. சோலையிலிருந்து கொண்டுவந்த விறகை வைத்து, பூண்டும் மிளகும் போட்டு, ஒரு சட்டித் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டவைத்தாள். கண்மணியின் தலையை மடியில் தூக்கி வைத்துப் புகட்டினாள். பிச்சையம்மாள் சொன்னது சரியாகப் போயிற்று. வாசம் மூக்கில் பட்டதும் கண்மணி வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியானது. நெற்றியில் வேர்வை அரும்பியது.

"எங்க கெடச்சுச்சு?" என்று பிச்சையம்மாள் கண்மணி காதில் விழும்படி கேட்டாள்.

"மன்னவனூர்ல" என்றாள் இருளாயி.

முட்டைகளை என்ன செய்வது என்று அப்போதுதான் யோசனை வந்தது. இராமலிங்கம் வெள்ளைக்கோழி ஒன்றைப் பிடித்துக் கூடையில் உட்காரவைத்துக் கோணிச்சாக்கைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் சாக்குக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, வெளியே வந்து, வாசலுக்குப் போய்விட்டது. கடைசியில் உமியைச் சூடாக்கி அதற்குள் முட்டைகளைப் புதைத்து, அடுப்போரம் வைத்து, வெந்நீர்ப் பானையை அணைத்து வைத்தார்கள். உமி ஆறும்போதெல்லாம் இருளாயி எழுந்து மாற்றினாள்.

மறுநாள் உச்சிக்கு ஒலியுல்லா ராவுத்தரின் குதிரை மணி கேட்டது. அவர் ஒரு பையில் கண்மணிக்குக் கொய்யாப்பழமும், கையில் கால் கட்டிய ஒரு நாட்டுப் பெட்டையுமாக வந்தார். பிள்ளை போன சேதியை வழியிலேயே கேட்டிருந்ததால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க தாயி. நேத்து வெள்ளனே வந்துருக்கணும். குதிரை ஏத்தத்துல காலச் சுளுக்கிருச்சு, ஒரு பொழுது நின்னு வர வேண்டியதாப் போச்சு. கீழ கழிச்சல் நோவு வந்து கோழியெல்லாம் கொத்துக்கொத்தா விழுந்து கெடக்கு. நாலு ஊரு அலைஞ்சு ஒண்ணுதான் தேறுச்சு."

இருளாயி பெட்டையை வாங்கி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள். இறகு நிறைய இருந்தது.

"அடைக்கு உக்காந்துருந்த கோழியா, ராவுத்தரய்யா?"

"இல்ல தாயி, முட்டைக்கே இன்னும் வரல. எளசு. சாறுக்குத்தான கேட்டீங்க?"

இருளாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஒரு நாளு" என்றாள். "ஒரே ஒரு நாளு முந்தி வந்துருக்கக் கூடாதாய்யா. சாம்பிய அறுத்துட்டேனே. அடையில இருந்தத எடுத்து அறுத்துட்டேனே." பிள்ளை போனபோது மகளுக்காக அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து அப்போது வந்துவிட்டது. ராவுத்தர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆத்தா."

உள்ளேயிருந்துதான் குரல். நாலு நாளாகப் பேசாத குரல் கரகரவென்று இருந்தது. இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நேத்துக் குடிச்சது சாம்பியா?"

"ஆமா தாயி."

"எத்தனாம் நாளு?"

"பதினஞ்சு."

கண்மணி கூரையைப் பார்த்தாள். "நான் கேட்டனா?" என்றாள். "எனக்கு உசுரு வேணும்னு நான் ஒங்கிட்டக் கேட்டனா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இருளாயியைச் சுட்டது. பிறகு முகத்தைத் திருப்பி, "முட்டை எங்க?" என்றாள்.

"உமியில கெடக்கு."

"கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டான்னா கொண்டா."

தீட்டுள்ள உடம்பு, முட்டை கூழாகிவிடும் என்று பிச்சையம்மாள் தடுத்தாள். "கூழானா ஆகட்டும் அத்த" என்றாள் கண்மணி. பழைய சேலையைக் கிழித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, காலியாகிப்போன வயிற்றோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மேலே இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. அது கசிந்து சேலையை நனைத்தது. அதைப் பார்க்க முடியாமல் இருளாயி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் கண்மணி தானாகக் கேட்டாள். "கஞ்சி குடு. ஒடம்புல சூடு இல்ல."

அதிலிருந்து வேளைக்கு வேளை கேட்டாள். சாப்பிட்டது தனக்காக அல்ல என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் முட்டைகளைத் திருப்பிவைத்தாள். கோழி செய்வதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். ராவுத்தர் கொண்டுவந்த பெட்டையைச் சாறு வைக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம், கட்டை அவிழ்த்து விடு என்றாள். அது வாசல் கொய்யாத்தோலைக் கொத்திக்கொண்டு வீட்டைப் பழகியது.

பதினெட்டாம் நாள் இருளாயி கதவிடுக்கில் விழுந்த வெயிலில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். நாலு கலங்கியிருந்தன. அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துப்போய் எருக்குழியில் போட்டாள். மறுநாள் மிச்சமிருந்த ஏழு முட்டைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் துள்ளும். ஆறு முட்டை மிதந்தபடி அசையாமல் நின்றன. ஒன்று மட்டும், யாரோ உள்ளேயிருந்து முட்டியதைப்போல, லேசாக ஆடியது.

"எத்தனை?" என்றாள் கண்மணி.

"ஒண்ணு."

"ஒண்ணு போதும். குடு."

இருபதாம் நாள் காலை மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. வெளியே வெள்ளைக்கோழிகள் இரண்டு, அன்றைய முட்டையைப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மேயப் போய்விட்டன. இருளாயி அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து கண்மணி கூப்பிட்டாள். அது கூப்பிடுகிற குரலாக இல்லை. பயந்த குரலாக இருந்தது.

"ஆத்தா. வெரசா வா. ஆத்தா."

ஓடினாள். கண்மணி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டையை இரண்டு கையிலும் ஏந்திக் காதோடு வைத்திருந்தாள்.

"அழுவுது, ஆத்தா. உள்ள அழுவுது."

இருளாயி குனிந்து காதை வைத்தாள். ஓட்டுக்கு அந்தப் பக்கம், மெலிதாக, விட்டுவிட்டுக் கேட்டது. அழுகையல்ல. கூப்பிடுகிறது. இப்போது யாராவது பதில் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாக அடைக்கூடைக்கு அருகில் உட்கார்ந்து கேட்ட குரல் அது, அவளுக்குத் தெரியாததா. வாயைத் திறந்தாள். சாம்பியின் கழுத்தைப் பிடித்த கை ஞாபகம் வந்தது.

"பதில் சொல்லணும் தாயி" என்றாள் மகளிடம். "பதில் சொன்னாத்தான் வரும்."

கண்மணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்டையை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். க்ளுக், என்றாள், மெதுவாக, தொண்டைக்குள். க்ளுக், க்ளுக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து அது மறுபடி கூப்பிட்டது, முன்னைவிடச் சத்தமாக.

"இருக்கேன்" என்றாள் கண்மணி. ஏழு நாளாக வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. உடம்பு குலுங்கியது, ஆனால் முட்டையை ஏந்திய கை குலுங்கவில்லை. "இருக்கேன், இருக்கேன். இங்கனதான் இருக்கேன்."